கவர் பாட்டு வெளியிட யாரிடம் அனுமதி வாங்குவது, பணம் யாருக்குப் போகும்?

கோவையைச் சேர்ந்த ஒரு இளைஞர் எழுதியிருக்கிறார். எந்த கம்பெனியின் துணையும் இல்லாமல் தன் கைக்காசில் பாட்டுப் பதிவு செய்து வெளியிடுபவர். 1983-ல் வந்த ஒரு படப்பாடலை கிட்டாரும் செல்லோவும் மட்டும் வைத்துத் தன் குரலில் புதிதாகப் பாடி (இதைத்தான் கவர் என்கிறோம்), ஸ்பாட்டிஃபையிலும் யூடியூபிலும் போட ஆசை. கச்சேரிகளில் விற்க 200 சிடியும் போடலாம் என்று யோசனை. அவர் கேட்பது: "யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? எவ்வளவு கட்ட வேண்டும்? பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகளில் ஏற்றித் தரும் வெளிநாட்டு டிஸ்ட்ரிப்யூட்டர் தளத்தில் கவர் உரிமம் வாங்கிவிட்டால் போதாதா? பாடலாசிரியர் காலமாகிவிட்டார். என் பாட்டால் வரும் பணத்தில் அவர் குடும்பத்துக்கு ஏதாவது போகுமா?"

இசை உரிம ஒப்பந்தங்களைப் படிப்பதும் எழுதுவதும்தான் பல வருடங்களாக என் வேலை. உரிமை மீறலுக்கு யூடியூப் தரும் தண்டனையான ஸ்ட்ரைக் வராமல் தப்பிக்க வழி கேட்டு வருகிறவர்கள் நிறைய. எழுதியவரின் குடும்பத்துக்குப் போகுமா என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

நாம் ஒரே பாட்டு என்று கேட்பது சட்டத்தில் மூன்று தனித்தனிச் சொத்து. வரிகள் ஒன்று. மெட்டு ஒன்று. 1983-ல் ஸ்டூடியோவில் பதிவான அந்த ஒலிப்பதிவு இன்னொன்று. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் வரிகளை இலக்கியப் படைப்பு என்கிறது, மெட்டை இசைப் படைப்பு என்கிறது. இரண்டையும் அது கலப்பதே இல்லை. நீங்கள் புதிதாகப் பாடி, புதிதாக வாசித்தால் மூன்றாவது சொத்தைத் தொடவில்லை. அதுவரை நல்லது. ஆனால் முதல் இரண்டும் அப்படியே உங்கள் பதிவுக்குள் இருக்கின்றன. ஒரு படைப்பை ஒலிப்பதிவாக ஆக்கும் உரிமையே அதன் உரிமையாளருக்குத்தான் என்று சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே வெளியிடும் நேரத்தில் யோசிக்க வேண்டிய விஷயம் இல்லை இது. ஸ்டூடியோவில் மைக்கைத் திறப்பதற்கு முன்பே அனுமதி இருக்க வேண்டும்.

இங்கேயே ஒரு எச்சரிக்கை. யூடியூபில் கிடைக்கும் மைனஸ் டிராக்கை, அதாவது குரல் இல்லாமல் இசை மட்டும் உள்ள பதிவை, எடுத்து அதன் மேல் பாடினால் கதை மாறிவிடும். அந்த டிராக் யாரோ ஒருவர் வாசித்துப் பதிவு செய்தது. அதற்குத் தனி உரிமையாளர் உண்டு. பழைய பதிவிலிருந்து குரலை மட்டும் நீக்கி எடுத்த டிராக் என்றால் ஆடியோ கம்பெனியின் ஒலிப்பதிவையே எடுத்துவிட்டீர்கள். இப்போதுள்ள மென்பொருளில் இது இரண்டு நிமிட வேலை என்பதால் பலர் இதைத் தவறு என்றே நினைப்பதில்லை. நீங்கள் கிட்டாரும் செல்லோவும் சொந்தமாக வாசிக்கப் போகிறீர்கள் என்பதால் இந்தச் சிக்கல் உங்களுக்கு இல்லை.

அடுத்தது பாடகர். "அந்தப் பாட்டைப் பாடியவரையே நேரில் பார்த்துக் கேட்டேன், தாராளமாகப் பாடு என்றார்" என்று மகிழ்ச்சியாகச் சொல்லி வருகிறவர்கள் உண்டு. அவருடைய ஆசி உங்களுக்குப் பெரிய விஷயம்தான். உரிமம் மட்டும் அது ஆகாது. 2017-ல் எஸ்.பி.பாலசுப்ரமணியம் அமெரிக்காவில் கச்சேரிப் பயணத்தில் இருந்தபோது இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனதும், ஊரே இரண்டு பட்டுப் பேசியதும் நினைவிருக்கும். அதில் யார் பக்கம் நியாயம் என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் பாடிய குரலுக்கு அந்தப் பாட்டின் வரிகளும் மெட்டும் சொந்தமில்லை என்பது பலருக்கு முதன்முதலாக அன்றுதான் உறைத்தது. பாடகருக்குச் சட்டத்தில் தனி உரிமை உண்டு, அது அவர் தன் குரலில் பாடிக் கொடுத்ததைப் பற்றியது. நீங்கள் பாடப்போவதைப் பற்றி அனுமதி தர அவரால் முடியாது.

அப்படியானால் வரியும் மெட்டும் யாருடையவை? தமிழ் சினிமாப் பாட்டில் உண்மையான தலைவலி இதுதான்.

மேற்கில் எழுதியவர் தன் உரிமையைப் பெரும்பாலும் ஒரு இசைப் பதிப்பாளரிடம் கொடுத்து வைப்பார். தேடினால் பெயர் கிடைக்கும். நம் சினிமாவில் தயாரிப்பாளர் பணம் கொடுத்துப் பாட்டு வாங்கினார். 1977-ல் உச்ச நீதிமன்றம், பாட்டு எழுதுபவர்கள், இசையமைப்பவர்களின் உரிமை அமைப்பான ஐபிஆர்எஸ்ஸுக்கும் கிழக்கிந்தியத் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கத்துக்கும் நடந்த வழக்கில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் படத்துக்காகக் காசு கொடுத்து எழுத வைத்த பாட்டுக்குத் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று தீர்ப்பளித்தது. தயாரிப்பாளர் அதை ஆடியோ கம்பெனிக்கு விற்றார். அந்த கம்பெனி பிறகு கைமாறியிருக்கலாம், மூடியிருக்கலாம், உரிமையை மட்டும் பிரித்து விற்றிருக்கலாம். எச்எம்வி என்று நாம் தலைமுறை தலைமுறையாகச் சொன்ன கிராமபோன் கம்பெனி இன்று சரிகம. எக்கோ, இன்ரெக்கோ என்று இசைத்தட்டு உறைகளில் பார்த்த பெயர்கள் எண்பதுகளின் பாட்டுகளில் நிறைய வரும். சில பாட்டுகளுக்கு இசையமைப்பாளரே உரிமை கோருகிறார், வழக்கும் நடந்திருக்கிறது. உங்கள் பாட்டு இந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

கண்டுபிடிக்க எளிய வழி: யூடியூபில் அந்தப் பாட்டின் அதிகாரப்பூர்வப் பதிவைத் திறந்து விளக்கப் பகுதியின் அடியில் வரும் இசை விவரப் பெட்டியைப் பாருங்கள். யார் சார்பில் உரிமம் தரப்பட்டிருக்கிறது, எந்தெந்த உரிமை அமைப்புகள் சம்பந்தப்பட்டிருக்கின்றன என்று பல பாட்டுகளுக்கு அதில் இருக்கும். ஸ்பாட்டிஃபையில் ஆல்பத்தின் அடியில் வட்டத்துக்குள் 'பி' எழுத்து போட்ட வரி இருக்கும். அது ஒலிப்பதிவின் உரிமையாளர். அவரே வரிக்கும் மெட்டுக்கும் உரிமையாளராக இருப்பது நம் சினிமாவில் சகஜம், ஆனால் கட்டாயம் இல்லை. அதனால் அந்த கம்பெனியின் உரிமப் பிரிவுக்கு எழுதும்போது "இந்தப் பாட்டின் வரிக்கும் மெட்டுக்கும் உரிமை உங்களிடம் இருக்கிறதா, இல்லையென்றால் யாரிடம்?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். அதோடு ஐபிஆர்எஸ்ஸிடமும் கேளுங்கள். 1969-ல் தொடங்கிய, பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் பதிப்பாளர்களும் சேர்ந்த அமைப்பு அது. 2017-ல் திருத்திய சட்டத்தின் கீழ் மறுபதிவு ஆனது. ஒரு பாட்டு யார் யார் பெயரில் அவர்களிடம் பதிவாகியிருக்கிறது என்பது உங்களுக்குப் பின்னால் மிகவும் தேவைப்படும். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சரி, அனுமதி கேட்காமலே, சட்டப்படி பணத்தைக் கட்டிவிட்டுப் பாட வழி இருக்கிறதா? இந்தியச் சட்டத்தில் இருக்கிறது. 2012 திருத்தத்தில் சேர்த்த 31சி பிரிவு கவர் பாட்டுக்கென்றே எழுதப்பட்டது. உரிமையாளர் சம்மதத்தோடு ஏற்கெனவே ஒருமுறை பதிவான பாட்டை, முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து, ராயல்டியை முன்பணமாகக் கட்டி, யாரும் பதிவு செய்யலாம். உரிமையாளர் மறுக்க முடியாது. கேட்க இனிமையாக இருக்கிறது. நிபந்தனைகளைப் படித்தால்தான் ஏன் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை என்று புரியும்.

முதல் பதிவு வெளிவந்த ஆண்டு முடிந்து 5 முழு ஆண்டுகள் கழிய வேண்டும். 2021 மார்ச்சில் வந்த பாட்டு என்றால் 2027 ஜனவரிக்கு முன் முடியாது. உங்கள் 1983 பாட்டுக்கு இது தடையில்லை. பதிவு செய்வதற்கு 15 நாள் முன்பே உரிமையாளருக்கும் பதிப்புரிமைப் பதிவாளருக்கும் நோட்டீஸ் போக வேண்டும். உறை, லேபிள் எல்லாவற்றின் நகலும் முன்பே தர வேண்டும். உறையில் இது கவர் பதிப்பு என்று எழுத வேண்டும். மூலப் பாடகரின் பெயரோ படமோ, அந்தத் திரைப்படத்தின் பெயரோ இருக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னதை நம் ஆட்கள் தினமும் மீறுகிறார்கள். பாட்டைத் தேடுகிறவர் கண்ணில் பட வேண்டும் என்று தலைப்பிலேயே படத்தின் பெயரைப் போடுவோம். பிறகு, தொழில்நுட்பத் தேவை தவிர வரியிலும் மெட்டிலும் மாற்றம் கூடாது. நடுவில் ஒரு ராப் சேர்த்தேன், இரண்டாம் சரணத்துக்குப் புதிதாக எழுதினேன், இரண்டு பாட்டை ஒட்டினேன் என்றால் இந்தப் பிரிவு உங்களுக்கு உதவாது.

இவ்வளவையும் சமாளித்தாலும் கடைசியில் ஒரு சுவர் நிற்கிறது. ஒவ்வொரு பாட்டுக்கும், பிரதி போடும் ஒவ்வொரு ஆண்டுக்கும், குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டி கட்ட வேண்டும். ஒரு பேச்சுக்குப் பிரதிக்கு ஒரு ரூபாய் என்று வைத்தாலும் 200 சிடி போடும் நீங்கள் 50,000 ரூபாய் கட்ட வேண்டும். குறிப்பிட்ட மொழிக்கு இந்தக் குறைந்தபட்ச அளவைக் குறைக்கலாம் என்று சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. அதை முடிவு செய்ய வேண்டிய வாரியமே 2021-ல் கலைக்கப்பட்டு, அதன் வேலை நீதிமன்றங்களுக்குப் போய்விட்டது. இதற்குமேல், கடைசிப் பதிவு எந்த ஊடகத்தில் வந்ததோ அதே ஊடகத்தில்தான் கவரும் வர வேண்டும் என்கிறது சட்டம். கேசட்டையும் சிடியையும் மனதில் வைத்து எழுதிய வாசகம் இது. ஸ்ட்ரீமிங்குக்கு எப்படிப் பொருத்துவது என்ற கேள்வியைத் தனி ஆளாகக் கோர்ட்டுக்குப் போய்த் தீர்த்துக்கொள்ள உங்களால் முடியாது. லட்சக்கணக்கில் மலிவு விலைக் கேசட் போட்டு விற்ற கம்பெனிகளைக் கட்டுப்படுத்தத்தான் இவ்வளவு வேலி. அந்த வேலிக்குள் இன்று மாட்டியிருப்பவர் படுக்கையறையில் மைக் வைத்துப் பாடும் தனிக் கலைஞர். சின்ன அளவில் வெளியிடுகிறவருக்குத் தனி விதி வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது வரும்வரை நேரடி உரிமம்தான் நடைமுறை வழி.

இப்போது டிஸ்ட்ரிப்யூட்டர் கேள்விக்கு வருகிறேன். இணையத்தில் நீங்கள் படிக்கும் கவர் பாட்டு ஆலோசனைகளில் பெரும்பகுதி அமெரிக்கச் சட்டத்தைப் பற்றியது. அங்கே நிலைமை வேறு, அதற்கு ஒரு நல்ல வரலாறும் உண்டு. நூறு வருடத்துக்கு முன் தானாக வாசிக்கும் பியானோ பெரிய மோகமாக இருந்தது. துளையிட்ட காகிதச் சுருளைப் போட்டால் அது வாசிக்கும். அந்தச் சுருள் பாட்டின் நகல் ஆகாது என்று 1908-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாட்டு எழுதியவர்களுக்கு ஒரு காசு இல்லை. மறு வருடமே நாடாளுமன்றம் சட்டம் போட்டது. எழுதியவருக்குச் சுருள் ஒன்றுக்கு 2 சென்ட் தர வேண்டும் என்றது. அதே சமயம் ஒரே கம்பெனி எல்லாப் பாட்டையும் வளைத்துப் போட்டுவிடக் கூடாது என்று, ஒருமுறை பதிவுக்கு விட்ட பாட்டை அந்த 2 சென்ட் கொடுத்து யாரும் பதிவு செய்யலாம் என்றும் வைத்தது. இயந்திரத்துக்கான காசு என்பதால் இதற்கு மெக்கானிக்கல் ராயல்டி என்று பெயர் வந்தது, அந்தப் பெயர் இன்றும் நிற்கிறது. அந்த 2 சென்ட் 1977 வரை அப்படியே இருந்தது என்பதைப் படித்தபோது எனக்கு மனம் கனத்துப் போனது. விலைவாசி எவ்வளவு ஏறியிருக்கும்! 2006 முதல் 2022 வரை 9.1 சென்ட். 2023-ல் 12 ஆனது, 2024-ல் 12.4, 2025-ல் 12.7. ஐந்து நிமிடத்துக்கு உட்பட்ட பாட்டுக்கு, ஒரு சிடிக்கு அல்லது ஒரு பதிவிறக்கத்துக்கு, இது கணக்கு. அங்கே ஒருவர் 2025-ல் 500 சிடி போட்டிருந்தால் 63.50 டாலர் கட்டியிருப்பார், வேலை முடிந்தது. 50,000 பிரதி என்ற குறைந்தபட்சம் அங்கே இல்லை. ஸ்ட்ரீமிங்குக்குக் கவர் பாடகர் தனியாகக் கட்டவே வேண்டாம்: 2018-ல் வந்த சட்டத்தின்படி 2021 முதல் ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகளே எம்எல்சி என்ற அமைப்பிடம் மொத்தமாகக் கட்டுகின்றன, அது எழுதியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது.

டிஸ்ட்ரோகிட் போன்ற தளங்கள் பாட்டு ஒன்றுக்கு ஆண்டுக் கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் கவர் உரிமம் இந்த அமெரிக்கச் சட்டத்தின் மேல் நிற்பது. ஆங்கிலப் பாட்டைப் பாடி அங்கே விற்க அது போதும். கோவையில் பதிவாகி இந்தியாவில் கேட்கப்படும் தமிழ்ப் பாட்டுக்கு, 14-ஆம் பிரிவு கேட்கும் அனுமதியை அது தராது. அந்தக் கட்டணத்தைக் கட்டினேன், ஆகவே எனக்கு உரிமம் இருக்கிறது என்று நம்பி இறங்காதீர்கள். டொரண்டோவிலோ லண்டனிலோ இருந்து கேட்பவர்களுக்கு: அந்தந்த நாட்டு மெக்கானிக்கல் அமைப்பு, கனடாவில் சிஎம்ஆர்ஆர்ஏ, பிரிட்டனில் எம்சிபிஎஸ், சின்ன எண்ணிக்கை சிடிக்கும் உரிமம் தரும். முதலில் உங்கள் பாட்டு அவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆக உங்களுக்கு நேரடி உரிமம். உரிமையாளருக்கு மின்னஞ்சல் எழுதும்போது "சார், உங்கள் பாட்டைக் கவர் பண்ண ஆசை, அனுமதி தர முடியுமா" என்று ஒரு வரி எழுதினால் பதில் வராது. அங்கே இருப்பவர் விலை சொல்ல வேண்டுமானால் அவருக்கு விவரம் வேண்டும். பாட்டு, படம், ஆண்டு, பாடலாசிரியர், இசையமைப்பாளர் பெயர். உங்கள் பதிவு எத்தனை நிமிடம். வரியில் மாற்றம் உண்டா, இல்லையா. ஒலி மட்டுமா, வீடியோவும் உண்டா. எந்தெந்தத் தளம், எந்தெந்த நாடு, எத்தனை வருடம். சிடி எத்தனை, என்ன விலை. விளம்பர வருமானம் எடுக்கப் போகிறீர்களா. இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். விலை பேச்சில்தான் முடியும். சில இடத்தில் ஒரே தொகை கேட்பார்கள், சில இடத்தில் குறைந்த முன்பணமும் வருமானத்தில் பங்கும். சிலர் "யூடியூபில் போடுங்கள், வருமானம் எங்களுக்கு, ஸ்பாட்டிஃபை வேண்டாம்" என்பார்கள். முதல் மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை என்றால் இரண்டு வாரம் கழித்து மறுபடி எழுதுங்கள். மௌனம் சம்மதம் என்ற பழமொழி இங்கே செல்லாது.

பதில் "ஓகே, பண்ணிக்கங்க" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அதோடு நிறுத்தாதீர்கள். உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். எழுத்தில் இரண்டு விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள்: காலம், இடம். ஒப்பந்தத்தில் காலம் சொல்லாமல் விட்டால் 5 ஆண்டு என்றும், இடம் சொல்லாமல் விட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஸ்பாட்டிஃபை உலகம் முழுக்கப் போகும் தளம். எனக்குத் தெரிந்த ஒரு பாடகி முறையாகப் பணம் கட்டி உரிமம் வாங்கினார். இடத்தைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பாட்டு நன்றாக ஓடத் தொடங்கிய நேரத்தில் உரிமையாளர் தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்தது, பாட்டை இறக்க வேண்டியதாயிற்று. "உலகம் முழுவதும்" என்ற இரண்டு சொல் இல்லாமல் அவர் இழந்தது ஒரு வருட உழைப்பு.

வீடியோ தனி. நீங்கள் கிட்டாரோடு மொட்டை மாடியில் உட்கார்ந்து பாடும் காட்சியாக இருந்தாலும், பாட்டைப் படத்தோடு இணைக்க சிங்க் உரிமம் என்ற வேறு அனுமதி வேண்டும். 31சி ஒலிப்பதிவுக்கு மட்டும்தான். அமெரிக்கக் கட்டாய உரிமமும் அப்படியே. அதனால் மின்னஞ்சலில் இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். யூடியூபில் நடைமுறை என்னவென்றால், அங்கே உள்ள கன்டென்ட் ஐடி என்ற தானியங்கி முறை, மூலப் பதிவை மட்டுமின்றி மெட்டையும் அடையாளம் கண்டுகொள்ளும். பெரும்பாலான உரிமையாளர்கள் வீடியோவை இறக்காமல் கிளெய்ம், அதாவது உரிமை கோரல், போட்டு விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்வார்கள். கிளெய்ம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. கிளெய்மால் உங்கள் சேனலுக்கு ஆபத்தில்லை. ஸ்ட்ரைக் 90 நாள் நிற்கும், அதற்குள் மூன்று சேர்ந்தால் சேனல் போய்விடும். கிளெய்ம் வந்ததும் கோபத்தில் "நான்தானே பாடினேன், நான்தானே வாசித்தேன்" என்று ஆட்சேபம் போடாதீர்கள். மெட்டு அவர்களுடையது என்பது உண்மை. கையில் எழுத்தில் உரிமம் இருந்தால் மட்டும் ஆட்சேபம் போடுங்கள். உரிமையாளருக்குப் பதில் சொல்ல 30 நாள் உண்டு. வீடியோவுக்கு விளம்பர வருமானம் தரும் யூடியூப் பார்ட்னர் திட்டத்தில் நீங்கள் இருந்து, உரிமையாளரும் சேர்ந்திருந்தால், தகுதியுள்ள கவர் வீடியோக்களுக்கு வருமானத்தைப் பங்கிடும் ஏற்பாடும் உண்டு.

முப்பது வினாடிக்குள் இருந்தால் பரவாயில்லை, "எல்லா உரிமையும் மூல உரிமையாளருக்கே" என்று கீழே எழுதிவிட்டால் போதும், காசு சம்பாதிக்காவிட்டால் தப்பில்லை: இந்த மூன்றுக்கும் சட்டத்தில் இடமில்லை.

இவ்வளவு அலைச்சல் வேண்டாம் என்றால் உரிமை தீர்ந்த பாட்டைப் பாடலாமே என்று தோன்றும். நல்ல யோசனை, ஆனால் வரியையும் மெட்டையும் தனித்தனியாகப் பாருங்கள். இந்தியாவில் எழுதியவர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு உரிமை நிற்கும். பாரதியார் பாட்டு எல்லாருக்கும் பொது. அவர் பாட்டை இசைத்தட்டில் பதியும் உரிமை ஒருகாலத்தில் ஏவி.மெய்யப்பன் கையில் இருந்தது. 1949-ல் அரசு பாரதியின் உரிமையை ஏற்று, பின்னால் மக்களுக்கே விட்டுவிட்டது. ஆனால் நீங்கள் பாட நினைப்பது ஒரு படத்தில் வந்த பாரதி பாட்டு என்றால், வரிதான் பொது. மெட்டு போட்டவருக்கு மெட்டு சொந்தம். தியாகராஜரும் தீட்சிதரும் பிரச்சினையில்லை. பாபநாசம் சிவனைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். அவர் காலமானது 1973-ல், ஆகவே 2033 முடியும்வரை உரிமை உண்டு. பெரியசாமித் தூரனுக்கு 2047 வரை. சினிமாவில் இன்னும் நீளும். கண்ணதாசன் வரிகளுக்கு 2041 வரை, அதே பாட்டுக்கு எம்.எஸ்.விஸ்வநாதன் போட்ட மெட்டுக்கு 2075 வரை. ஒரே பாட்டின் இரண்டு பாதிக்கும் நடுவே 34 வருட இடைவெளி!

200 சிடி பற்றி: நேரடி உரிமத்திலேயே சேர்த்துக் கேளுங்கள், எண்ணிக்கையைச் சொல்லுங்கள். அப்புறம், கச்சேரி மேடையில் பாடுவதற்கான உரிமம் வேறு. அது நிகழ்ச்சி நடத்துபவர் ஐபிஆர்எஸ்ஸிடம் எடுக்க வேண்டியது. ஆனால் உங்கள் பங்கு ஒன்று உண்டு. என்னென்ன பாடினீர்கள் என்ற பட்டியலை, பாடலாசிரியர், இசையமைப்பாளர் பெயரோடு, நடத்துபவரிடம் எழுதிக் கொடுத்து, உரிமத்தோடு சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். பட்டியல் இல்லாமல் போகும் பணம் யாருடைய பாட்டுக்கு வந்தது என்று தெரியாத பணம். ஐந்து நிமிட வேலை இது.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. பாடலாசிரியர் குடும்பத்துக்குப் போகுமா? போக வழி இருக்கிறது. 2012 திருத்தத்துக்கு முன், மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பாடலாசிரியருக்குப் பிறகு ஒன்றும் வராமல் போனதுதான் வழக்கம். இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் போன்றவர்கள் வருடக்கணக்கில் போராடி வந்த அந்தத் திருத்தம், தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர மற்ற பயன்பாடுகளில் வரும் ராயல்டியில் சரிசமப் பங்கு பெறும் உரிமையை எழுதியவரும் இசையமைத்தவரும் விட்டுக் கொடுக்கவே முடியாது என்றாக்கியது. வாரிசுக்கும் உரிமை அமைப்புக்கும் மட்டும் அதைக் கொடுக்கலாம். யூடியூப் உள்ளிட்ட பல சேவைகள் ஐபிஆர்எஸ்ஸுக்குப் பணம் கட்டுகின்றன. அது பழைய பாட்டுகளுக்கும் உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது, உறுப்பினர் காலமாகியிருந்தால் வாரிசுக்கு. அதற்காக அமைப்பு பார்ப்பது பெயரை.

உங்கள் டிஸ்ட்ரிப்யூட்டர் தளத்தில் பாட்டை ஏற்றும்போது பாடலாசிரியர், இசையமைப்பாளர் என்று இரண்டு கட்டம் வரும். நிறையப் பேர் அதில் தங்கள் பெயரைப் போடுகிறார்கள், அல்லது இரண்டிலும் இசையமைப்பாளர் பெயரைப் போட்டுவிட்டு நகர்கிறார்கள். பாடலாசிரியர் பெயர் அப்படித்தான் காணாமல் போகிறது. "சொந்தப் படைப்பு" என்ற கட்டத்தைத் தட்டாமல் கவர் என்பதைத் தட்டுங்கள். பெயரை ஐபிஆர்எஸ் பதிவில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். நம் பாடலாசிரியர்களில் பாதிப் பேர் புனைபெயரில் வாழ்ந்தவர்கள். வாலிக்கு ரங்கராஜன், கண்ணதாசனுக்கு முத்தையா என்று வேறு பெயர் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு எழுத்து மாறினாலும் இயந்திரம் வேறு ஆள் என்று ஒதுக்கிவிடும். பாட்டுக்கும் எழுதியவருக்கும் அமைப்பு கொடுத்திருக்கும் எண்கள் தெரிந்தால் அவற்றையும் சேருங்கள். முன்பே ஐபிஆர்எஸ்ஸிடம் கேட்டு வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

குடும்பத்தைத் தேடிப் போய் நேரில் ஒரு தொகை கொடுக்கலாமா என்றும் கேட்கத் தோன்றும். கொடுங்கள், மனநிறைவாக இருக்கும். அது உரிமத்துக்கு ஈடாகாது, உரிமையாளர் வேறு ஆளாக இருந்தால் அவருக்குக் கட்ட வேண்டியது கட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சந்திப்பில் ஒன்று கேளுங்கள்: "ஐயா பெயரில் ஐபிஆர்எஸ் உறுப்பினர் கணக்கு இருக்கிறதா, வாரிசாக நீங்கள் பதிவு செய்துவிட்டீர்களா?" இல்லை என்று சொன்னால், இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு அந்த அமைப்புக்கு எழுத அவர்களுக்கு உதவுங்கள். அது நடந்துவிட்டால் உங்கள் ஒரு பாட்டுக்கு மட்டும் இல்லை, அவர் எழுதி இன்று யார் யாரோ பாடிக்கொண்டிருக்கும் மற்றப் பாட்டுகளுக்கும் அவர்கள் வீட்டுக்குப் பணம் வரும்.